யானையைத் தேடும் கம்ப்யூட்டர்!

"ஏனுங்க, யானையக் கண்டுபுடிக்கக் கம்ப்யூட்டருங்களா? அதென்ன எறும்பா?" என்று சிரித்தார் மதுக்கரை டீக்கடைக்காரர்.

இருட்டில் யானையும் எறும்பும் ஒண்ணுதாங்க! எட்டிமடை - வாளையாறு ரயில் பாதையில், நவக்கரை அருகே 2021 நவம்பர் 26 இரவு மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. யானை கண்ணில் பட்ட பிறகு பிரேக் போட்டால், ரயில் என்ன ஆட்டோவா, உடனே நிற்க?

அதனால்தான் 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களை நிறுத்தியது. உச்சியில், உடம்புச் சூட்டை வைத்துப் படம் பிடிக்கும் கேமராக்கள். சூடு மாட்டுக்கும் உண்டு, மனுஷனுக்கும் உண்டு. இதில் யானை எது என்று பிரித்துச் சொல்வதுதான் கம்ப்யூட்டரின் வேலை. அதற்கு ஏகப்பட்ட படங்களைக் காட்டிப் பழக்கணும். (நம்ம வீட்டு வாண்டுக்கு ஒரு தடவை காட்டினால் போதும்!) யானைதான் என்று தெரிந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் பறக்கும். அங்கிருந்து ரயில்வேக்கு. ரயில் நிதானமாகும்.

ஏழு கோடி என்றதும் பி.காம். படித்த என் கை பேனாவைத் தேடியது. ஆனால் முதல் வருஷத்தில் அந்தப் பாதையில் ரயில் மோதிச் செத்த யானை ஒன்றுகூட இல்லை. இதை எந்தப் பத்தியில் எழுத?

டீக்கடைக்காரரிடம் சொன்னேன். யோசித்தார்.

"அப்ப எங்க வாழைத் தோட்டத்துக்கும் ஒரு கேமரா வெக்கச் சொல்லுங்க!"