சினைப்பையில் கட்டியா? நல்லதா, கெட்டதா... ஸ்கேன் சொல்லும்!

"டாக்டர், என் பொண்ணுக்குச் சினைப்பையில கட்டின்னு ஸ்கேன்ல போட்டிருக்கு. தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம். ஆபரேஷன் இல்லாம கஷாயத்துலயே கரைச்சிடுங்க..."

கண்கலங்க வந்து உட்கார்ந்தார் அந்தத் தாய். பக்கத்தில் மிரண்டு போன 26 வயது மகள். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தேன். வலது சினைப்பையில் 4 செ.மீ. அளவில் நீர்க்கட்டி. ஒரே அறை. மெல்லிய சுவர். உள்ளே தெளிந்த நீர். சதை வளர்ச்சி எதுவும் இல்லை.

"மருந்தே வேண்டாம்மா. மூணு மாதவிலக்கு கழிச்சு இன்னொரு தடவை ஸ்கேன் பாருங்க. திடீர்னு தாங்க முடியாத வயிற்று வலியும் வாந்தியும் வந்தா மட்டும் கட்டி முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றேன். அந்த அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். கட்டி என்று எழுதியிருக்கிறது, மருந்து வேண்டாம் என்கிறாரே?

மாதாமாதம் சினைப்பையில் ஒரு நீர்ப்பைக்குள்தான் முட்டை வளர்கிறது. அது சுமார் 2 செ.மீ. ஆனதும் வெடித்து முட்டை வெளியே வரும். சில மாதங்களில் வெடிக்காமல் அப்படியே பெருத்துவிடும். அதுதான் இந்த நீர்க்கட்டி. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே வற்றிவிடும். அந்த நேரத்தில் நான் ஒரு லேகியம் கொடுத்திருந்தால், "சித்த வைத்தியர் கட்டியைக் கரைச்சிட்டார்" என்று எனக்குப் பெயர் கிடைத்திருக்கும்! கட்டியைக் கரைத்ததாக வரும் விளம்பரங்களில் பல, இப்படித் தானாகக் கரைந்த கதைகள்தான்.

(பி.சி.ஓ.டி. என்பதையும் 'நீர்க்கட்டி' என்றே சொல்கிறோம். அது சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறைய இருக்கும் ஹார்மோன் கோளாறு. இது வேறு, அது வேறு.)

இரும்பைச் சோதித்த கருவி

ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகளுக்குத்தான் என்று நினைக்கிறோம். ஆனால் அது பெண் மருத்துவத்துக்குள் வந்ததே கட்டிகளைப் பிரித்தறியத்தான்! 1955-ல் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட், ஆபரேஷனில் எடுத்த கருப்பைக் கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. நீர் நிறைந்த கட்டி ஒருவிதமாகவும், சதைக் கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன.

பிறகு ஒரு பெண். முற்றிய வயிற்றுப் புற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட நிலை. டொனால்ட் கருவியை வைத்துப் பார்த்தார். தெரிந்ததோ பெரிய சினைப்பை நீர்க்கட்டி! அகற்றினார்கள், அந்தப் பெண் பிழைத்தார். 1958-ல் லான்செட் இதழில் இந்த ஆய்வுகள் வெளிவந்தன.

ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

எங்கள் எண்வகைத் தேர்வில் ஸ்பரிசமும் ஒன்று. ஆனால் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறு கட்டி எந்த வைத்தியர் கைக்கும் எட்டாது. நாடியும் காட்டிக் கொடுக்காது. ஐரோப்பிய நிபுணர்கள் முன்னின்று நடத்தும் 'அயோட்டா' என்ற குழு, 2008-ல் எளிய விதிகள் பத்து வகுத்துத் தந்தது.

*சாதாரணக் கட்டியின் அடையாளங்கள்:*
1. ஒரே அறை.
2. சதைப்பகுதி இருந்தாலும் 7 மி.மீ.க்குள்.
3. கட்டிக்குப் பின்னால் நிழல் விழுவது.
4. பல அறைகள் இருந்தாலும் வழவழப்பாக, 10 செ.மீ.க்குள்.
5. கலர் டாப்ளரில் ரத்த ஓட்டமே இல்லாதது.

*புற்றைச் சந்தேகிக்க வேண்டியவை:*
1. ஒழுங்கற்ற சதைக் கட்டி.
2. வயிற்றில் நீர் கோத்திருப்பது.
3. உட்சுவரில் மொட்டுப் போல நான்கோ அதற்கு மேலோ வளர்ச்சிகள்.
4. பல அறையும் சதையும் கலந்து, ஒழுங்கின்றி, 10 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
5. மிக அதிக ரத்த ஓட்டம்.

முதல் பட்டியலில் ஏதாவது இருந்து, இரண்டாவதில் ஒன்றுமே இல்லை என்றால் சாதாரணக் கட்டி என்று கொள்ளலாம். தலைகீழாக இருந்தால் புற்று என்றே நினைத்து நடக்க வேண்டும். இரண்டும் கலந்திருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ அனுபவமிக்க ஸ்கேன் நிபுணரோ, எம்.ஆர்.ஐ.யோ முடிவு சொல்ல வேண்டும். நான்கில் மூன்று கட்டிகளுக்கு இந்த விதிகளே பதில் சொல்லிவிடுகின்றன. ஆனால் இதை நீங்களே வீட்டில் கணக்குப் போடாதீர்கள். டாக்டரிடம் கேட்கத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

"சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை போதாதா?" போதாது. 35-க்கு மேல் போனாலே புற்று என்று அழாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, வயிற்றுக் காசநோய், ஏன், மாதவிலக்கு நாட்களில்கூட அது ஏறும். ஆரம்பப் புற்றில் ஏறாமலும் இருக்கும்.

"அப்ப வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கலாமா?" தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வேண்டாம். இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. அப்படிப் பரிசோதித்ததால் சாவு குறையவில்லை. குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்று இருந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் தனியாக ஆலோசனை கேட்க வேண்டும்.

அந்தத் தாய்...

மகளோடு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "எனக்கும் கொஞ்சம் வாயுவுக்குச் சூரணம் குடுங்க டாக்டர். மூணு மாசமா உப்புசம். ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுது."

என் கை சூரண டப்பாவுக்குப் போய்விட்டது. வயசு என்ன என்று கேட்டேன். 57. மாதவிலக்கு நின்று ஏழு வருஷம். கையை எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே ஸ்கேன் பார்க்கச் சொன்னேன். ஒழுங்கற்ற சதைக் கட்டி, வயிற்றில் நீர்.

பக்கத்து நர்சிங் ஹோமில் ஊசி வைத்து நீரை எடுத்துவிடலாம் என்றார்கள் உறவினர்கள். கூடாது என்று தடுத்தேன். புற்று எனச் சந்தேகப்படும் கட்டியைக் குத்தினால் வயிற்றுக்குள் பரவும் ஆபத்து உண்டு. கட்டி உடையாமல் எடுக்கத் தெரிந்த புற்றுநோய் அறுவை நிபுணரிடமே அனுப்பினேன். ஆபரேஷன், கீமோதெரபி எல்லாம் முடிந்து இப்போது பரிசோதனைக்குப் போய் வருகிறார். மகளின் கட்டி? அடுத்த ஸ்கேனில் இருந்த இடமே தெரியவில்லை. கல்யாணமும் நடந்தது.

மகளின் கட்டிக்காகப் பதறி ஓடி வந்தவர், தன் வயிற்றை மூன்று மாசமாகக் கவனிக்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் பலரும் அப்படித்தான்.

ஆகவே, 50 வயதைத் தாண்டிய சகோதரிகளே! உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இவற்றில் ஒன்று இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால் சூரணம் தேடாதீர்கள். என்னிடம் வந்தாலும் சரி, முதலில் ஸ்கேன். மருந்து அப்புறம்!