பாறை ஏறும் ஆறு சக்கர வண்டி: வீட்டில் செய்து பார்த்த குறிப்புகள்

பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு என்று இறக்கிய கருங்கல் குவியல் பல மாதமாக அப்படியே கிடந்தது. அதன் மேல் ஏறி இறங்குகிற சின்ன வண்டி ஒன்றைச் செய்ய முடியுமா என்ற ஆசையில் தொடங்கியதுதான் இது. முதலில் செய்தது நான்கு சக்கர வண்டி. இறுக்கமான சட்டம், நல்ல வேகம். இரண்டாவது கல்லிலேயே மல்லாந்து விழுந்தது. ஏன் விழுந்தது என்று தேடிப் போனதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று கால் முக்காலி எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாது. நாலு கால் மேசை ஆடும். ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். இறுக்கமான சட்டத்தில் பூட்டிய நான்கு சக்கரமும் அப்படித்தான். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் அதன் பங்கு எடை மற்ற சக்கரங்களுக்குப் போய்விடும். எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானமும் இல்லை. மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது காற்றில்தான் சுற்றும். ஆக, பாறை ஏறுவதற்கு முதல் தேவை எல்லாச் சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டிருப்பது. மோட்டார் பலம் அதற்குப் பிறகுதான்.

இதற்குப் பேர் போன விடை ஒன்று இருக்கிறது: ராக்கர்-போகி. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் டொனால்ட் பிக்லர் 1980களின் கடைசியில் உருவாக்கிய அமைப்பு. 1997ல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் முதல் பெர்சிவரன்ஸ் வரை நாசாவின் செவ்வாய் ஊர்திகள் எல்லாமே இதில்தான் ஓடின. 2023ல் நிலவில் ஓடிய நம்ம பிரக்யானும் இதே வகை. இதில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. வெறும் கம்பிகளும் மூட்டுகளும்தான்.

அமைப்பு இதுதான். வண்டியின் ஒவ்வொரு பக்கமும் மூன்று சக்கரம். அதில் இரண்டை ஒரு சின்னக் கம்பியின் இரு முனைகளில் மாட்டுகிறோம், இது போகி. அதன் நடுவில் ஒரு மூட்டு. அந்த மூட்டை ஒரு நீளமான கம்பியின் ஒரு முனையில் பூட்டி, மறு முனையில் மூன்றாவது சக்கரத்தை மாட்டினால் அது ராக்கர். ராக்கரை உடலோடு இன்னொரு மூட்டில் இணைக்கிறோம். இத்தோடு விட்டால் உடல் அந்த மூட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடும். அதனால் உடலின் மேல் குறுக்கே ஒரு பட்டையை நடுவில் மட்டும் பூட்டி, அதன் இரு முனைகளையும் இரண்டு ராக்கரோடும் இணைக்க வேண்டும். ஒரு ராக்கர் மேலே போனால் மற்றது உடலைப் பொறுத்துக் கீழே வரும். இரண்டு பக்கச் சாய்வின் சராசரியில் உடல் நிற்கும். கியூரியாசிட்டி படங்களில் மேல்தளத்தில் குறுக்கே தெரிகிற பட்டை இதுதான். நான் போட்டது கதவுக் கடையில் வாங்கிய அலுமினியப் பட்டை. மற்ற கம்பிகள் எல்லாம் முக்கால் அங்குல பிவிசி பைப்.

நான் செய்த தப்பு

ராக்கரின் நீளம் 30 செ.மீ. உடல் மூட்டைச் சரியாக நடுவில், 15 செ.மீ.யில் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கல்லில் போகிச் சக்கரங்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டே இருந்தன. மோட்டார் போதவில்லை என்று நினைத்து ஆறு மோட்டாரையும் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம், வழுக்கல் நிற்கவில்லை.

கடைசியில் சமையலறைத் தராசை எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் வைத்துப் பார்த்தேன். மற்ற ஐந்து சக்கரத்துக்கும் அடியில் தராசின் உயரத்துக்கு டைல்ஸ் துண்டு அடுக்கணும், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகும். வண்டியின் மொத்த எடை 3.6 கிலோ, ஒரு பக்கத்துக்கு 1.8 கிலோ. தனிச் சக்கரத்தில் கிட்டத்தட்ட 900 கிராம், போகிச் சக்கரங்களில் ஆளுக்கு 450. அப்போதுதான் உறைத்தது. இது வெறும் நெம்புகோல் கணக்கு! மூட்டு நடுவில் இருந்தால் பாதி எடை தனிச் சக்கரத்துக்கு, மீதிப் பாதியை இரண்டு பேர் பங்கு போடுகிறார்கள். மூன்றுக்கும் சமமாக 600 கிராம் வர வேண்டுமென்றால் உடல் மூட்டு போகி மூட்டிலிருந்து 10 செ.மீ., தனிச் சக்கரத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கணும். புதுசாக ஒரு துளை போட்டேன். அவ்வளவுதான், வழுக்கல் பெரும்பாலும் நின்றுவிட்டது.

வேகம், பலம், பிடிமானம்

பாறை ஏற வேகம் எதிரி. 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால் வினாடிக்கு 52 செ.மீ. போகும், கல்லில் போய் மோதும். 10 சுற்றாகக் குறைத்தால் வினாடிக்கு 5 செ.மீ.தான். கியூரியாசிட்டியின் உச்ச வேகமே சமதளத்தில் வினாடிக்கு சுமார் 4 செ.மீ.

பலத்துக்கு எளிய கணக்கு: ஒரு சக்கரம் தன் பங்கான 600 கிராமைத் தூக்க, ஆரம் 5 செ.மீ. என்பதால் 3 கிலோ-செ.மீ. முறுக்கு விசை வேண்டும். உராய்வு, இடுக்கில் சிக்குவது எல்லாம் சேர்த்து மூன்று மடங்காவது வைத்துக்கொள்வது நல்லது. நான் 10 கிலோ-செ.மீ. மோட்டார் எடுத்தேன்.

பிடிமானத்தை அளக்க, வண்டியைச் சொரசொரப்பான கல் பலகையில் நிறுத்தி, மின்சாரம் இல்லாமல், ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கினேன். வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டான் மதிப்புதான் உராய்வு எண். வெறும் பிளாஸ்டிக் சக்கரம் 24 டிகிரியில் வழுக்கியது, அதாவது 0.45. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியதும் 38 டிகிரி, 0.78. செலவே இல்லாத முன்னேற்றம்.

சோதனை

செங்கல்லை அடுக்கி ஒவ்வொரு உயரத்துக்கும் பத்து முறை ஓட்டினேன். ஒரு கல் உயரம்: பத்துக்குப் பத்து. இரண்டு கல், சுமார் 14 செ.மீ.: ஏழு. மூன்று கல்: பூஜ்யம். சக்கர விட்டத்தைப் போல இரு மடங்கு வரை இந்த அமைப்பு ஏறும் என்பார்கள். என் கைவேலைக்கு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

தோற்ற மூன்று முறையும் ஒரே கதை. முன் சக்கரம் செங்குத்தாக ஏறும்போது அது கடக்க வேண்டிய பாதை நீளம். ஆனால் ஆறு மோட்டாரும் ஒரே வேகம். பின்னால் இருப்பவை அதற்குள் தள்ளத் தொடங்கிவிடுகின்றன. ஏறுகிற சக்கரம் கல்லோடு நசுங்குகிறது. ஒரு தடவை கியர் பல்லே உடைந்தது.

இதே நோய் பெரிய வண்டிக்கும் வந்திருக்கிறது. கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரத் தோல் வெறும் 0.75 மி.மீ. தடிமன். 2013லேயே கூரான கற்கள் அதில் ஓட்டை போட ஆரம்பித்தன. மற்ற சக்கரங்கள் தள்ளுகிற விசையும் ஒரு காரணம். 2017ல் நாசா பூமியிலிருந்து ஒரு மென்பொருளை அனுப்பியது. எந்தச் சக்கரம் ஏறுகிறது, எது சமதளத்தில் போகிறது என்று பார்த்து ஒவ்வொன்றின் வேகத்தையும் தனித்தனியாக மாற்றுவதுதான் அதன் வேலை. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வண்டியில் துளை மாற்றிப் போட முடியாதே!

என் வண்டிக்கும் அடுத்த வேலை அதுதான்: ஒவ்வொரு மோட்டாருக்கும் சுற்று எண்ணும் சென்சார். செய்யப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் தராசை எடுங்கள். போன வாரம் பக்கத்து மனையில் வேலை தொடங்கிவிட்டது, கருங்கல் எல்லாம் அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது. இனி வேறு குவியல் பார்க்கணும்.