செவ்வாயில் பனி பெய்வதைக் கண்டது நம்ம ஊர்க் கருவி

டொராண்டோவில் பனி பெய்தால் அது செய்தியே இல்லை. செவ்வாய்க் கிரகத்தில் பனி பெய்கிறது என்று 2008 செப்டம்பரில் வந்ததே, அது செய்தி. அந்தப் பனியைக் கண்ட கருவியின் அறிவியல் குழுவை நடத்தியது எங்கோ இருக்கிற நிறுவனம் இல்லை. கீல் தெருவில், நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிற யார்க் பல்கலைக்கழகம். இங்கே இத்தனை வருஷம் இருக்கிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நாசாவின் ஃபீனிக்ஸ் விண்கலம் 2008 மே 25 அன்று செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கியது. அதிலிருந்த வானிலை நிலையம் கனடாவுடையது. அதன் முக்கியமான பாகம் லைடார். வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். நொடிக்கு 100 தடவை மேல்நோக்கி லேசர் துடிப்பு போகும். வழியில் தூசியோ பனித்துகளோ இருந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும். சிதறியதில் கொஞ்சம் கீழே திரும்பி வரும். 4 கிலோமீட்டர் உயரத்தில் மேகம் இருந்தால், போய்வர ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 27 பங்குதான் ஆகும். அந்த நேரத்தை அளந்தால் உயரம் கிடைக்கும். எவ்வளவு ஒளி திரும்பியது என்று பார்த்தால் அங்கே துகள் எவ்வளவு இருக்கிறது என்று கணிக்கலாம்.

இதே விஷயத்தை 401 நெடுஞ்சாலையில் எல்லோரும் பார்த்திருப்போம். மூடுபனியில் ஹைபீம் போட்டால் பாதை தெரியாது, வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். ஓட்டுநருக்கு அது தொல்லை, விஞ்ஞானிக்கு அதுதான் தகவல்.

பேராசிரியர் ஜேம்ஸ் வைட்வே தலைமையிலான குழுவின் ஆய்வு 2009 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அங்கே பகலில் தரைக்கு அருகிலுள்ள காற்று கொந்தளித்து, நீராவியைச் சுமார் 4 கிலோமீட்டர் வரை மேலே கொண்டுபோகிறது. கோடை முடியும் நாட்களில், இரவில் குளிர் ஏறியதும், அந்த நீராவி பனிப்படிகங்களாகி மேகமாகிறது. பிறகு கனம் தாங்காமல் கீழ்நோக்கி விழுகிறது. மேகத்திலிருந்து சாய்ந்து தொங்கும் கோடுகளாக அந்தப் பனி லைடார் பதிவில் தெரிந்தது. நம்ம வானத்தில் மிக உயரத்தில் நார்நாராகத் தெரியும் மேகங்களைப் போலத்தான் அங்கேயும்.

சில நேரம் அவ்வளவு தூரம் போகக்கூடத் தேவையில்லை. வெள்ளிக் கிரகத்தின் மேகம் எதனால் ஆனது என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. சிதறும் ஒளியின் அலைகள் ஒரே திசையில் அதிகம் அதிர்வதுண்டு. இதைத் துருவமுறல் என்பார்கள். பிரான்சின் பெர்னார் லியோ 1920களிலேயே வெள்ளியின் ஒளியில் இதை அளந்தார். 1974இல் ஜேம்ஸ் ஹான்சனும் ஹோவனியரும் அப்படிப்பட்ட அளவீடுகளைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். துகள்கள் உருண்டையானவை, ஆரம் சுமார் 1 மைக்ரான், ஒளிவிலகல் எண் சுமார் 1.44. அடர் கந்தக அமிலத் துளிகளுக்கு இது பொருந்தியது. பூமியில் உட்கார்ந்துகொண்டே கண்ட முடிவு இது.

இந்தத் துறையின் அடித்தளத்தில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருக்கிறது. வளிமண்டலத்தில் ஒளி திரும்பத் திரும்பச் சிதறும்போது என்ன ஆகும் என்பதைத் துருவமுறலையும் சேர்த்துக் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1950இல் வெளியான அவருடைய கதிர்வீச்சுப் பரிமாற்ற நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் கப்பலேறி, கடைசியில் சிகாகோவில் குடியேறியவர். அவரும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்தான்.

அவருடைய அப்பா அரசுக் கணக்குத் துறை அதிகாரி. மகன் ஐ.சி.எஸ். ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர், மகன் விரும்பிய அறிவியல் பக்கம் நின்றார். சித்தப்பா சி.வி. ராமனும் 1907இல் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். அலுவலகம் முடிந்தபின் ஆய்வுக்கூடம். 1917இல் அந்த வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதை நம்ம வீடுகளுக்குப் புதுசா என்ன? ராமன், சந்திரசேகர் என்று மேடையில் பெருமை பேசுவோம். வீட்டில் பிள்ளை இயற்பியல் படிக்கிறேன் என்றால், "அதுக்கு வேலை கிடைக்குமா?" என்போம். கேள்வியில் தப்பில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். நானும் கணினி வேலையில் இருப்பவன், மாதச் சம்பளத்தின் அருமை எனக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலும் இந்த ஊரிலேயே இருக்கிறது. யார்க்கின் இயற்பியல் பேராசிரியர் ஆலன் கார்ஸ்வெல், லைடார் ஆய்விலிருந்து 1974இல் ஆப்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பக்கத்து நகரமான வானில் வளர்ந்த அந்த நிறுவனம், நில அளவைக்கும் வரைபடத்துக்குமான லைடார் கருவிகளை உலகம் முழுக்க விற்றது. செவ்வாய்க்குப் போன லைடாரை உருவாக்கியதிலும் அதற்குப் பங்குண்டு. இன்று தானியங்கிக் கார்களில் சுழலும் லைடாரும் இதே தத்துவம்தான். லேசர், மின்னணுவியல், மென்பொருள் என்று எத்தனையோ பேருக்கு அதில் வேலை இருக்கிறது.

ஒன்டாரியோவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் ஜனவரிக்குள். யார்க்கில் விண்வெளிப் பொறியியலுக்கே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.