கடல் கடந்த சதங்கை

'அரங்கேற்றம்' என்னும் சொல் ஒன்றே. இன்று அது குறிக்கும் பொருளோ இரண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் ஈழத்தமிழர் இல்லங்களில் இச்சொல், பல்லாண்டு பரதம் பயின்ற ஒரு பிள்ளை மண்டபத்திலே தனித்து ஆடும் நாளைக் குறிக்கும். கிழக்கிலங்கைக் கூத்து மரபிலோ, ஊர் முழுதும் வட்டக்களரியைச் சூழ்ந்து விழித்திருக்கும் இரவைக் குறிக்கும். முன்னது ஒரு பிள்ளையின் வெற்றி. பின்னது ஓர் ஊரின் வெற்றி.

கொட்டியாரக் குடாவை அடுத்த சம்பூரில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இவ்வேறுபாடு ஏட்டுச் செய்தி அன்று. என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி கனடாவிலிருந்து எழுதியிருந்தாள்: "சேர், மகள் நன்றாக ஆடுகிறாள். ஆனால் பதத்தின் பொருளை ஆங்கிலத்திலே சொல்லிக் கொடுத்த பின்புதான் அவள் முகத்தில் பாவம் வருகிறது. இது போதுமா? நீங்கள் சொல்லுங்கள்."

போதுமா? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் தஞ்சாவூர் பாலசரசுவதியின் குடும்ப வரலாற்றை நோக்குதல் நலம். 1918 இல் பிறந்து, ஏழாம் வயதிலே காஞ்சியில் அரங்கேறியவர் அவர். வீணை தனம்மாளின் பேர்த்தி. தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பபிள்ளையின் மாணவி. 1962 இல் அவர் அமெரிக்கா சென்று ஆடினார். பின்னர் வெஸ்லியன் பல்கலைக்கழகம் முதலிய இடங்களிலே கற்பித்தார். மகள் இலட்சுமி தாயிடம் பயின்றார். இலட்சுமியின் மகன் அநிருத்தரோ 1980 இல் பிறந்து, அமெரிக்க மண்ணிலே வளர்ந்து, தாயின் வழியாக அதே ஆடலைப் பெற்றார்.

இது எவ்வாறு கைகூடிற்று? கடல் கடந்து சென்றது ஆடல் மட்டும் அன்று. ஓர் இல்லமே சென்றது. பாலசரசுவதியின் ஆடலுக்குப் பாடியவர் அவர் அன்னை ஜெயம்மாள். மிருதங்கம் வாசித்த இரங்கநாதனும் குழல் ஊதிய விசுவநாதனும் உடன்பிறந்தார்; அவ்விருவரும் வெஸ்லியனிலே இசை கற்பித்தனர். ஆகவே பேரன் காதிலே பாட்டு முன்னர் விழுந்தது. அடவு பின்னர் வந்தது. இசையும் நடனமும் பிரிக்கலாகா என்பது பாலசரசுவதியின் கொள்கை. அவருக்கு அது மேடைக்கு மட்டும் உரியதன்று, வீட்டு வழக்கமுமாகும்.

எல்லாக் குடும்பமும் தனம்மாள் குடும்பம் ஆகுமோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனினும் பரதம் அயல்நாட்டிலே தழைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது ஓர் உடலில் அடங்கவல்ல கலை. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என அதனை வகுத்துக்கொள்ளலாம். பெட்டியிலே சதங்கையை வைத்துப் புறப்பட்டு விடலாம்.

கூத்து அத்தகையதன்று. மட்டக்களப்பு மரபிலே அண்ணாவியார் சட்டம் கொடுத்தல், ஆடிப் பழக்குதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல படிகள் கடந்த பின்னரே அரங்கேற்றம் வரும். மத்தளக்காரர் வேண்டும், பிற்பாட்டுக்காரர் வேண்டும், மாதக் கணக்கிலே இரவுதோறும் கூடுதற்கு ஓர் ஊர் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியது பெருந்தொண்டு. ஆயினும் கூத்தின் வேர் ஊரிலேதான் உண்டு.

அந்த ஊரே இல்லாது போனால்? 2006 இல் போர் சம்பூர் மக்களைப் பெயர்த்தது. வாகரை, மட்டக்களப்பு, கிளிவெட்டி முகாம் என அலைந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் பலர் தம் நிலத்தை மீண்டும் மிதித்தனர். ஆறு வயதிலே சென்ற பிள்ளை பதினாறு வயதிலே திரும்பிற்று. மூத்தோரைப் பார்த்துப் பழக வேண்டிய பருவம் கூடாரத்திலே கழிந்தது. கடல் கடவாமலே அப்பிள்ளையும் ஒருவகையிலே புலம்பெயர்ந்த பிள்ளைதான்.

ஆகவே என் மாணவிக்கு நான் எழுதிய விடை இது: "மகளின் அடவு ஆசிரியையின் பொறுப்பு, அதனை அவரிடமே விட்டுவிடு. பதத்தின் சொல் உன் பொறுப்பு. வகுப்புக்கு அழைத்துச் செல்லும் வழியிலே அப்பாட்டை நீயே பாடு. குரல் நன்றாயில்லை என நாணாதே. சொல்லைச் சமையலறையிலே கேட்ட பிள்ளைக்குப் பாவத்தை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை."

இங்குள்ள ஆசிரியர்க்கும் நான் கூறத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்த்தினப் போட்டிக்காகப் பதினைந்து நிமிடக் கூத்தைப் பழக்கும்போது, ஊரிலே எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரையேனும் பள்ளிக்கு அழையுங்கள். அவர் மத்தளத்தைத் தொட்டு, ஒரு தருவை முழுமையாகப் பாடட்டும். மாணவர் அதனை ஏட்டிலே எழுதிக்கொள்ளட்டும், கைப்பேசியிலே பதிந்துகொள்ளட்டும், பின்னர் அவரோடு சேர்ந்து பாடட்டும். பரிசு கிடைக்கலாம், கிடையாதும் போகலாம். அந்தத் தருவை அறிந்தோர் தொகை அன்று மாலையே ஒன்றிலிருந்து இருபதாகியிருக்கும்.