நடுவயதில் கிதார்

பிள்ளைப் பிராயத்தில் பாட்டு வாத்தியாரிடம் அனுப்பப்படாமற் போனவர்களும், அனுப்பப்பட்டும் பள்ளிப் பரீட்சையை முன்னிட்டுப் பாதியில் நிறுத்தப்பட்டவர்களும், உத்தியோகம் நிலைத்து, குடும்பம் ஒருவாறு அமைந்து, மாலையில் சிறிது அவகாசமும் கையில் சிறிது பணமும் சேர்ந்த பிற்பாடு, நெடுநாளைய ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் உத்தேசத்துடன் வாத்தியக் கடைக்குப் போய் ஒரு கிதாரை வாங்கி வருவது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. வாங்குவதில் சிரமமில்லை, தொடர்ந்து வாசிப்பதில்தான் இருக்கிறது. முதல் கிதார் வாங்குகிறவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்று, கிதார் தயாரிப்பில் உலகப் பெயர் பெற்ற ஃபெண்டர் கம்பெனியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்டி மூனி பகிரங்கமாகவே கூறியிருக்கிறார். தம் சரக்கைப் பற்றி ஒரு வியாபாரியே இவ்வாறு சொல்ல நேர்ந்ததென்றால், காரணத்தைச் சற்று ஆராய்வது தகும்.

கைவிட்டவர்கள் பெரும்பாலும் வயதின்மீதே பழியைப் போடுகிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்த காரி மார்க்கஸ், தமக்குத் தாளக்கட்டு சுபாவத்திலேயே இல்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், நாற்பதை நெருங்கும் வயதில் கிதாரும் கையுமாக உட்கார்ந்து, அந்த அனுபவத்தோடு மூளை கற்கும் விதத்தைப் பற்றிய சாஸ்திர விசாரத்தையும் சேர்த்து, 2012-இல் ‘கிதார் ஜீரோ’ என்னும் நூலை வெளியிட்டார். குறித்த பருவம் கடந்தால் கற்கும் வாயில் அடைபட்டுவிடும் என்ற கொள்கை பலரும் எண்ணுகிற அளவுக்கு உறுதியானதன்று என்பதே அவர் கண்டது. இளமையில் தொடங்குவதில் ஆதாயமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஆறு வயலின் கலைஞர்கள், இரண்டு செல்லோ கலைஞர்கள், ஒரு கிதார் கலைஞர் ஆகிய ஒன்பது பேரைப் பரிசோதித்து, தாமஸ் எல்பர்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1995-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, அவர்களுடைய இடக்கை விரல்களுக்கென மூளையில் அமைந்த ஸ்தானம் மற்றவர்களுடையதைவிட விரிந்திருந்ததென்றும், சிறு வயதில் தொடங்கியவர்களிடம் அவ்விரிவு அதிகமென்றும் காட்டுகிறது. ஆனால் கச்சேரி மேடைக்கு வேண்டிய தேர்ச்சி வேறு. தனக்குப் பிரியமான நாலு பாட்டை வீட்டுக் கூடத்தில் வாசிப்பதற்கு வேண்டிய தேர்ச்சி வேறு.

வயது வந்தவருக்கு உண்மையில் இடையூறாக வந்து நிற்பது விரலன்று, அவருடைய கேள்வி ஞானமே. எட்டு வயதுக் குழந்தை, தந்தி கரகரத்தாலும் ‘டொக்’கென்று செத்தாலும், ஏதோ சப்தம் வந்ததே என்று குதூகலிக்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகளாக நல்ல சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியவருக்கோ, தம் விரலடியில் பிறக்கும் ஒவ்வொரு நாதத்தின் குறையும் அந்த க்ஷணமே தெரிந்துவிடுகிறது. காது முதிர்ந்திருக்கிறது, கை இன்னும் தவழத் தொடங்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தினந்தோறும் அளந்து பார்த்து, தாமே தமக்குக் கடுமையான விமரிசகராக அமைந்துவிடுவதனால்தான், பலர் மூன்றாம் மாதத்துக்குள் வாத்தியத்தைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

குறைகளில் ஒரு பகுதி கற்பவருடையதே அல்ல, வாத்தியத்தினுடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் இழுபட்டு நிற்கின்றன. நைலான் தந்திகளிலோ அது 40 கிலோ அளவிலேயே இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், குடல்நரம்புத் தந்தி கிடைப்பது அரிதானபோது, நியூயார்க்கில் வாத்தியம் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானைக் கொண்டு தந்தி செய்து பார்த்ததும், ஸ்பெயின் தேசத்துக் கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதை மனமுவந்து ஆதரித்ததும், பிற்காலத்து ஆரம்ப மாணவர்களுடைய விரல்களுக்கும் பேருபகாரமாக முடிந்தன. எஃகுத் தந்திக் கிதாரையே விரும்புகிறவர்கள், கழுத்தில் குறுக்காகப் பதித்த மெட்டுகளில் பன்னிரண்டாவதற்கு மேல் தந்தி 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்து, மிஞ்சியிருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்வது அவசியம். உயர்ந்து நிற்கும் தந்தியோடு மல்லாடிவிட்டுத் தம் விரலை நொந்துகொள்கிறவர்கள் அநேகர்.

அடுத்தது விரல் வைக்கும் ஸ்தானம். வீணையைப்போலவே கிதாரிலும் மெட்டுகள் உண்டு. தந்தி, அழுத்திய விரலிலிருந்தல்ல, விரலுக்கு முன்னுள்ள மெட்டிலிருந்தே அதிர்கிறது. ஆகையால் இரு மெட்டுகளுக்கு நடுவில் அழுத்துகிறவர் அதிக பலம் செலவிட்டும் கரகரப்பையே பெறுகிறார். மெட்டை ஒட்டி அதன் பின்புறமாக விரல் நுனியை நிறுத்துகிறவர் பாதிப் பிரயாசையில் தெளிவான நாதத்தைப் பெறுகிறார். இடக்கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும். நுனி வலி சில வாரங்களில் காய்ப்புக் காய்த்ததும் தானே அடங்கிவிடும்.

பல சுரங்களைச் சேர்த்து ஒரே மீட்டில் ஒலிக்கச் செய்வதைக் கார்டு என்பார்கள். மெல்லிய தந்தியை முதலாவதாகக் கொண்டு எண்ணி, நான்காவது ஐந்தாவது தந்திகளை இரண்டாம் கட்டத்தில், அதாவது இரண்டாவது மெட்டை ஒட்டி, அழுத்தி, ஆறு தந்திகளையும் மீட்டினால் ஈ மைனர் என்னும் கார்டு பிறந்துவிடும். முதல் நாளிலேயே இது கைகூடும். கஷ்டம் கார்டில் இல்லை, ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்குப் போவதில் இருக்கிறது. ஏ மைனரிலிருந்து ஸி மேஜருக்குப் போகிறவர், பதற்றத்தில் மூன்று விரல்களையும் எடுத்துவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாகத் தேடி வைப்பதற்குள் பாட்டு நெடுந்தூரம் போய்விடுகிறது. உற்று நோக்கினால், இரண்டாவது தந்தியின் முதல் கட்டத்திலிருக்கும் ஆள்காட்டி விரலும், நான்காவது தந்தியின் இரண்டாம் கட்டத்திலிருக்கும் நடுவிரலும் அசையவே வேண்டியதில்லை. மோதிர விரல் மாத்திரம் மூன்றாவது தந்தியை விட்டு ஐந்தாவது தந்தியின் மூன்றாம் கட்டத்துக்குப் போனால் போதும். குழந்தை பழகிப் பழகிக் கண்டுபிடிக்கும் இந்தச் சூட்சுமத்தை, விவேகம் வந்தவர் ஒரு நிமிஷம் கவனித்தே பிடித்துக்கொள்ளலாம். வயதின் ஆதாயம் என்று ஒன்று உண்டானால் அது இங்கேதான் வெளிப்படுகிறது. ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின் மேலும் கிடத்தி அழுத்த வேண்டிய எஃப் மேஜரைச் சில மாதங்களுக்கு ஒத்திவைப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

அப்பியாசத்தில் கால அளவைவிட நியமமே பெரிது. தினம் ஒரு குடம் நீரைக் குடித்து வளரும் செடி, வாரத்தில் ஒருநாள் ஏழு குடத்தையும் சேர்த்துக் கொட்டினால் குடித்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிடத் தினந்தோறும் இருபது நிமிஷம் வாசிப்பதே கைக்குப் படிகிறது. கை பயின்ற வித்தை உறக்கத்தின்போதும் மூளையில் உறுதிப்படுகிறதென்று ஆராய்ச்சிகள் தெரிவிப்பதால், இடையில் வரும் இரவுகளும் சாதகத்தின் பகுதியே ஆகின்றன.

முறையான சிக்ஷை தாமதமாக வந்ததனாலேயே தேர்ச்சி குறைந்துபோவதில்லை என்பதற்கு நம்மவரிலேயே சிறந்த உதாரணம் இளையராஜா. 1943-இல் பிறந்த அவர், 1968-ஐ ஒட்டிச் சென்னைக்கு வந்த பிறகே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதத்தை முறையாகப் பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் பரீட்சையில் தேறி, பிறருடைய இசைக்குழுக்களில் கிதார் வாசித்து வந்தார். ஊர் ஊராகப் பாடியும் வாசித்தும் பழுத்திருந்த கேள்வி ஞானம் அவருக்குத் தடையாக நிற்காமல் மூலதனமாக நின்றது. அந்த மேதைமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை; ஆனால் காதை ஆசானாக வைத்துக்கொள்ளும் உபாயம் எல்லாருக்கும் உரியது.

அதற்குச் சுலபமான வழி, தனியே உட்கார்ந்து தம்மைத் தாமே கேட்டு நொந்துகொண்டிராமல், பாடத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. பாடுகிறவர் நிற்கமாட்டார், ஆகவே இடக்கை தவறினாலும் வலக்கை தாளத்தை விடாமல் மீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், கவனம் பாட்டின்மேல் சென்றுவிடுவதால் குறை காணும் புத்திக்கு வேலையும் இராது. மார்க்கஸும், சிறுவர்களுக்கென நடந்த கோடை முகாமொன்றில் சேர்ந்து, தம் வயதில் மூன்றிலொரு பங்குகூட ஆகாத பிள்ளைகளோடு ஒரே குழுவில் வாசித்தார். பேராசிரியர் ஒருவர் அவ்வளவு தூரம் இறங்கிவர முடியுமானால், நாற்பது வயதுக் குமாஸ்தாவோ குடும்பத் தலைவியோ தம் வீட்டுப் பிள்ளை பாடும் சினிமாப் பாட்டுக்கு மூன்று கார்டு பிடித்துப் பக்கவாத்தியம் வாசிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஓராண்டுக்குப் பிறகும் கிதாரைக் கைவிடாதிருக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இவர்களே.