முன் பிரேக் பேட் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

பிரேக் பிடித்ததும் பைக்கின் எடை முன்பக்கம் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே. பேட் டிஸ்க்கை இறுக்க, ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது, பேட் தேய்கிறது.

பிசின் கலந்த ஆர்கானிக் பேட் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் விரைவில் தேயும். உலோகத்தூளை அழுத்திச் சுட்ட சின்டர்டு பேட் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். ஆனால் எல்லா டிஸ்க்கும் சின்டர்டு பேட்டைத் தாங்காது. தயாரிப்பாளர் சொன்ன வகையே நல்லது. விலை மலிவு இங்கே ஒரு காரணமே அல்ல.

சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரி போன்ற ஆற்றோர ஊர்களில் மணலே பெரும் எதிரி. அதிலுள்ள குவார்ட்ஸ், டிஸ்க்கின் எஃகைவிடக் கடினமானது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கினால் டிஸ்க்கில் வரி வரியாகக் கோடு விழும். மணல்பாதையில் ஓடிய வண்டியில் பேட்டைத் தாங்கும் காலிப்பரைத் தண்ணீரால் கழுவ வேண்டும். பேட்டின் தேய்மானக் கோடு மறையுமுன் இரண்டு பேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.