உபுண்டுவில் 'அன்மெட் டிபென்டன்சீஸ்' எரரா? 'ஒய்' அழுத்தும் முன் இதைப் படிங்க!

2021. யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், 'பாப் ஓஎஸ்' லினக்ஸில் 'ஸ்டீம்' கேமிங் ஆப்பை டெர்மினல் வழியாக இன்ஸ்டால் செய்தார். முக்கியமான பேக்கேஜ்கள் நீக்கப்படும் என எச்சரிக்கை வந்தது. அதை மீறி, 'ஆமாம், நான் சொன்னபடி செய்' என்று டைப் செய்தார். அவ்வளவுதான், டெஸ்க்டாப்பே காலி!

ஏன் இப்படி ஆகுது?
ஒரு பேக்கேஜ் இயங்க வேறு பல பேக்கேஜ்கள் தேவை. அதுதான் டிபென்டன்சி. அவற்றின் வெர்ஷன் பொருந்தாவிட்டாலோ, அப்டேட் பாதியில் நின்றாலோ சிக்கல்தான்.

எப்படிச் சரிசெய்வது?
உபுண்டு, டெபியன், மின்ட் பயன்படுத்துவோர் இந்த வரிசையில் முயலலாம்:

1. 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ': பாதியில் நின்ற இன்ஸ்டாலை முடிக்கும்.
2. 'சூடோ ஆப்ட் அப்டேட்': பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும்.
3. 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்': விடுபட்டதைச் சேர்க்கும், தேவைப்பட்டால் சிலதை நீக்கும்.

இங்கதான் கவனம்!
மூன்றாவது கமாண்ட், எதையெல்லாம் நீக்கப்போகிறது என முதலில் லிஸ்ட் காட்டும். அதில் 'உபுண்டு-டெஸ்க்டாப்' மாதிரி பெயர் இருந்தா, யோசிக்காம 'என்' அழுத்துங்க. கடைசியாகச் சேர்த்த பிபிஏவை நீக்கிட்டு, இரண்டாவது ஸ்டெப்பிலிருந்து மறுபடி முயலுங்க.